பழைய காரின் ஒயரிங்கை வீட்டிலேயே சரிசெய்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாருதி 800, ஆம்னி, அம்பாசடர், பத்மினி மாதிரி 12 வோல்ட் பழைய வண்டிகளை வீட்டில் வைத்துப் பராமரிப்பவர்களுக்காக இந்தப் பக்கம். வாரத்தில் நாலு நாள் தோட்டத்துச் சாளையில் நிற்கும், சந்தைக்கும் விசேஷத்துக்கும் மட்டும் கிளம்பும் வண்டிகளில்தான் ஒயர் தொல்லை அதிகம். இத்தனை கேள்விகளுக்கும் அடியில் ஓடுவது ஒன்றுதான்: மீட்டர் வைத்துப் பார்க்காமல் எந்த ஒயரையும் வெட்டாதீர்கள்.

எந்த வேலையை நாமளே செய்யலாம், எதை ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விடணும்ங்க?

லைட், ஹாரன், வைப்பர், எர்த் (கரன்ட் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு), எலி கடித்த நாலைந்து ஒயர், ஃபியூஸ் போவது ஆகியவற்றை வீட்டிலேயே பார்க்கலாம். மஞ்சள் உறை போட்ட ஏர்பேக் ஒயர், எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சும்) வண்டியின் ஈ.சி.எம். எனும் எஞ்சின் கம்ப்யூட்டரின் கப்ளர் (ஒயர்களைச் சேர்க்கும் செருகி), கேஸ் கிட் ஒயரிங் ஆகிய மூன்றிலும் கை வைக்க வேண்டாம். டாஷ்போர்டுக்குள் மொத்தக் கட்டும் உருகி ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தால் அதுவும் வீட்டு வேலை அல்ல. முழு ஹார்னஸையும், அதாவது வண்டியின் மொத்த ஒயர்க் கட்டையும், இறக்கித்தான் பார்க்க வேண்டும்.

என்னென்ன வாங்கி வைக்கணும்?

மல்டிமீட்டர் ஒன்று. 12 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்ப் ஒன்றை ஹோல்டரில் போட்டு, இரண்டு ஒயர், இரண்டு முதலை கிளிப் வைத்த டெஸ்ட் லேம்ப் ஒன்று. உறை உரிக்கும் ஒயர் ஸ்ட்ரிப்பர், ஒயர் முனையில் லக்கை அழுத்தும் கிரிம்பிங் டூல், 60 வாட் சோல்டரிங் அயர்ன், 60/40 ஈயம், ரோசின் பேஸ்ட். ஆசிட் கலந்த பேஸ்ட் வேண்டாம். ஆறு மாதத்தில் அது செம்பைத் தின்றுவிடும். 3, 5, 8 மி.மீ. ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு பட்டால் சுருங்கும் உறைக் குழாய்), துணி டேப், 6 மற்றும் 8 மி.மீ. துளையுள்ள ரிங் லக் (ஒயர் முனையில் மாட்டும் வளையம்), 10, 15, 20 ஆம்ப் ஃபியூஸ் தலா நாலு, எமரி தாள், கொஞ்சம் வாசலின்.

ஒயர் 1 ஸ்கொயரில் (ஸ்கொயர் என்பது சதுர மி.மீ. தடிப்பு) 5 மீட்டர், 1.5 ஸ்கொயரில் 5 மீட்டர், 2.5 ஸ்கொயரில் 3 மீட்டர் இருந்தால் பெரும்பாலான வேலை முடிந்துவிடும். பழைய கப்ளர், ஹோல்டர், ஃபியூஸ் பெட்டி வேண்டுமென்றால் கோவை உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் தேடலாம். ஆனால் ஒயர் மட்டும் புதிதாகவே வாங்குங்கள்.

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே வியாபாரம் பெரும்பாலும் லாரிக்கு, லாரி 24 வோல்ட். ரிலே (சின்ன கரன்ட்டால் பெரிய கரன்ட்டை ஆன் செய்யும் சுவிட்ச்), பல்ப், ஃப்ளாஷர் (இண்டிகேட்டரை மினுக்க வைப்பது) எதை வாங்கினாலும் மேலே ‘12வி’ என்று அச்சிட்டிருக்கிறதா என்று படித்துப் பார்த்துக் காசு கொடுங்கள். 24 வோல்ட் ரிலேவை 12 வோல்ட்டில் போட்டால் இழுக்காது, பல்ப் மங்கலாக எரியும். ஒயரிங்கில்தான் கோளாறு என்று நினைத்து நல்ல ஒயரைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள்.

எந்த லோடுக்கு எவ்வளவு தடிப்பு ஒயர்?

வாட்டை 12-ஆல் வகுத்தால் ஆம்ப் கிடைக்கும். 60 வாட் ஹெட்லைட் ஒன்றுக்கு 5 ஆம்ப், இரண்டுக்கு 10. பார்க் லைட், இண்டிகேட்டர், மீட்டர் விளக்குகளுக்கு 1 ஸ்கொயர் தாராளம். ஒரு ஹெட்லைட்டுக்கு, ஹாரனுக்கு, வைப்பருக்கு 1.5. இரண்டு ஹெட்லைட்டுக்கும் சேர்ந்து வரும் லைன், ரேடியேட்டர் ஃபேன், ஹீட்டர் புளோயர் ஆகியவற்றுக்கு 2.5. பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரிலிருந்து அதற்குப் போகும் ஒயர் 6-க்குக் குறையக் கூடாது. ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் போகும் கேபிள் 25 முதல் 35.

ஃபியூஸ் காப்பாற்றுவது ஒயரைத்தான், பல்பை அல்ல. அதனால் ஒயரைப் பார்த்து ஃபியூஸ் போடுங்கள்: 1 ஸ்கொயருக்கு 10 ஆம்ப், 1.5-க்கு 15, 2.5-க்கு 20. பிளேடு ஃபியூஸில் சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. 10 ஆம்ப் அடிக்கடி போகிறதே என்று 30-ஐச் செருகினால், அடுத்த முறை ஃபியூஸுக்குப் பதில் ஒயர் உருகும். சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றிச் செருகுவது இதைவிட மோசம்.

வீட்டு ஒயரிங்குக்கு வாங்கியது மீந்து கிடக்கு, அதையே போடலாமா?

வேண்டாம். வீட்டு ஒயரின் உறை சாதாரணமாக 70 டிகிரி சூட்டுக்கு ஆனது. மே மாதம் கரூர், ஈரோடு வெயிலில் ஓடி நிற்கும் எஞ்சினுக்குப் பக்கத்தில் அது இளகும், பிறகு மொறுமொறுவென்று வெடிக்கும். வீட்டு ஒயரில் இழைகள் தடிப்பாக, எண்ணிக்கை குறைவாக இருக்கும். அதிர்விலும் மடிப்பிலும் சீக்கிரம் முறியும். ஆட்டோ கேபிள் என்று கேட்டே வாங்குங்கள்.

அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவு ஒயரும் கடைகளில் கலந்து கிடக்கிறது. ஓர் இழையை பிளேடால் சுரண்டுங்கள். மேலே சிவப்பு, உள்ளே வெள்ளை என்றால் அலுமினியம், வாங்காதீர்கள். மேலே வெள்ளை, சுரண்டினால் சிவப்பு என்றால் ஈயம் பூசிய செம்பு, நல்ல சரக்கு.

வேலை தொடங்கும் முன் என்ன செய்யணும்?

சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியில் பாடிக்குப் போகும் கேபிளை முதலில் கழற்றுங்கள், கடைசியில் மாட்டுங்கள். நம் வண்டிகளில் அது பெரும்பாலும் நெகட்டிவ். மிகப் பழைய பிரிட்டிஷ் வழி வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் இருந்தது. அதனால் நிறத்தை நம்பாமல் கேபிளைத் தொடர்ந்து போய்ப் பாருங்கள். பாடிக்குப் போகாத மற்ற கேபிளை முதலில் கழற்றப் போனால், ஸ்பேனர் பாடியில் பட்ட நொடியே பேட்டரியின் முழு கரன்ட்டும் அது வழியாகப் பாயும். மோதிரம், செயின், வாட்ச் எல்லாம் கழற்றி வையுங்கள்.

தென்னை நார்த்தூள் குவியல், வைக்கோல் போர், டீசல் கேன் பக்கத்தில் வண்டியை நிறுத்தி ஈயம் வைக்க வேண்டாம். ஒரு கிலோ டிரை பவுடர் தீயணைப்பான் எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

ஹெட்லைட் மங்கலா எரியுதுங்க. பல்ப் மாத்தியாச்சு, பேட்டரியும் புதுசு. ஒயர் முழுக்க மாத்தணுமா?

இதில் பெரும்பாலும் ஒயர் குற்றவாளியே அல்ல, எர்த்தான். பழைய வண்டியில் ஒவ்வொரு விளக்கும் தன் கரன்ட்டைத் திருப்பி அனுப்புவது பாடித் தகடு வழியாக. அந்தத் திருகாணிக்கு அடியில் துருவும் பெயின்ட்டும் சேர்ந்தால் வழி குறுகிவிடும். பொள்ளாச்சி, ஆனைமலை, வால்பாறை பக்கம் தென்மேற்குப் பருவச் சாரலில் நிற்கும் வண்டிகளில் இது சீக்கிரமே வரும்.

எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட்டை எரியவிட்டு, மீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வையுங்கள். ஒரு முனை பேட்டரி நெகட்டிவில், இன்னொன்று பல்ப் ஹோல்டரின் எர்த் முனையில். 0.2-க்குள் காட்டினால் நல்லது. 0.5-ஐத் தாண்டினால் எர்த் போதாது. அடுத்து, பேட்டரி பாசிட்டிவுக்கும் எரிகிற ஃபிலமென்ட்டின் முனைக்கும் நடுவில் அளவெடுங்கள். அங்கே ஒரு வோல்ட், ஒன்றரை வோல்ட் காட்டினால் சுவிட்ச், டிம்-பிரைட், ஒயர் வழியில் இழப்பு இருக்கிறது. சின்ன எண்தானே என்று விட்டுவிடாதீர்கள். வோல்ட்டேஜ் நூற்றுக்குப் பத்து குறைந்தால் பல்பின் வெளிச்சம் நூற்றுக்கு முப்பது போய்விடும்.

எர்த்தைச் சரிசெய்ய: திருகாணியைக் கழற்றுங்கள். லக்கின் இரு பக்கத்தையும், அது உட்காரும் இடத்தையும் எமரியால் வெள்ளைத் தகடு பளபளக்கும்வரை தேயுங்கள். லக்குக்குள் செம்பு கறுத்திருந்தால் வெட்டிவிட்டுப் புது லக் போடுங்கள். முறுக்கிய பிறகு மேலே வாசலின். முதலில் வாசலினைப் பூசிவிட்டு முறுக்குவதைவிட இது மேல். கால் மணி நேர வேலை, செலவு ஏறக்குறைய இல்லை. ஆனாலும் இதைப் பார்க்காமல் முழு ஹார்னஸையே மாற்றுகிறவர்கள் உண்டு.

செல்ஃப் அடிச்சா சோக் கம்பி சுடுதுங்க, ஏன்?

எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டை அறுந்திருக்கிறது, அல்லது லூஸ். எஞ்சின் ரப்பர் மவுன்ட்டில் உட்கார்ந்திருப்பதால் அந்தப் பட்டை இல்லையென்றால் கரன்ட்டுக்கு வேறு வழியில்லை. ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்கும் நூறு ஆம்புக்கு மேற்பட்ட கரன்ட், சோக் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். கேபிளின் உள்ளுறை உருகி ஆக்ஸிலரேட்டர் சிக்கிக்கொள்ளும். ஓடும் வண்டியில் இது உயிராபத்து. பின்னல் பட்டையை அன்றைக்கே மாற்றுங்கள். கிடைக்காவிட்டால் 25 ஸ்கொயர் கேபிளில் இரு பக்கமும் லக் அழுத்திப் போடலாம்.

ஃபியூஸ் போட்டதும் போயிடுது. ஷார்ட் எங்கேன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஃபியூஸ் மேல் ஃபியூஸ் போட்டு எரிக்காதீர்கள். போன ஃபியூஸை எடுத்துவிட்டு, அந்த இரு முனைகளிலும் டெஸ்ட் லேம்ப்பின் கிளிப்புகளைக் கவ்வ விடுங்கள். 21 வாட் பல்ப் 1.75 ஆம்புக்கு மேல் விடாது. எதிரே முழு ஷார்ட் இருந்தாலும் ஒயர் சுடாது.

இனி அந்த லைனில் உள்ள எல்லா லோடையும் கழற்றுங்கள்: பல்புகளை உருவிவிடுங்கள், மோட்டார் கப்ளரைப் பிரித்துவிடுங்கள். இல்லாவிட்டால் லோடு வழியாகவும் கொஞ்சம் கரன்ட் போய் டெஸ்ட் லேம்ப் மங்கலாக எரியும், அதை ஷார்ட் என்று தப்பாக நினைத்துவிடுவீர்கள். எல்லாம் கழற்றிய பிறகும் பளிச்சென்று எரிந்தால் ஷார்ட் நிச்சயம்.

லேம்ப்பைப் பார்வையில் வைத்துக்கொண்டு, ஹார்னஸை ஒரு ஜாண் ஒரு ஜாணாகப் பிடித்து மெல்ல அசைத்துக்கொண்டே போங்கள். எந்த இடத்தில் அணைகிறதோ, மினுக்குகிறதோ, கோளாறு அங்கே. அசைத்தும் மாறவில்லையென்றால் வழியில் உள்ள கப்ளர்களை ஃபியூஸ் பெட்டிக்கு எட்டத்தில் இருப்பதிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரியுங்கள். பிரித்ததும் அணைந்தால், பிரித்த இடத்துக்கு அப்புறம்தான் ஷார்ட்.

முதலில் சந்தேகப்பட வேண்டிய இடங்கள்: ஒயர் தகட்டுத் துளைக்குள் நுழையும் ரப்பர் வாசர், ஸ்டீயரிங் காலம், டிக்கிக் கதவின் கீல், பின்னாள் போட்ட ஸ்டீரியோ, ஃபாக் லேம்ப். ரப்பர் காய்ந்து விழுந்திருந்தால் தகட்டின் கூர் விளிம்பு ஒயரை அறுத்துக்கொண்டே இருக்கும். வண்டி மேடு பள்ளத்தில் ஏறும்போது மட்டும் ஃபியூஸ் போகிறதென்றால் பெரும்பாலும் இதுதான்.

எலி கடிச்சுப் போட்டுதுங்க. எப்படி இணைக்கிறது?

எலியின் முன்பல் சாகும்வரை வளரும். எதையாவது கடித்துத் தேய்த்தே ஆக வேண்டும். சூடான எஞ்சின் அதற்கு நல்ல கூடு. பக்கத்தில் மக்காச்சோளமோ, புண்ணாக்கு மூட்டையோ, கொப்பரைக் களமோ இருந்தால் கேட்கவே வேண்டாம்.

முதலில் கையுறை போடுங்கள். எலி மூத்திரத்தால் எலிக்காய்ச்சல் பரவும். கூட்டையும் எச்சத்தையும் பிளீச்சிங் நீரில் நனைத்துத் துடைத்தெடுத்த பிறகே ஒயரைத் தொடுங்கள். வெட்டுவதற்கு முன்பே செல்போனில் நாலு கோணத்தில் படம் எடுங்கள். ஒவ்வொரு முனைக்கும் காகிதத் துண்டில் எண் எழுதி ஒட்டுங்கள். ஒரே நிறத்தில் இரண்டு ஒயர் இருந்தால் மீட்டரின் பீப் சத்தத்தை வைத்து எது எங்கே போகிறது என்று உறுதி செய்யுங்கள்.

கடிபட்ட இடத்துக்கு இரு பக்கமும் 2 செ.மீ. தள்ளி வெட்டி, அதே தடிப்பில், முடிந்தால் அதே நிறத்தில் இடைத்துண்டு ஒயர் போடுங்கள். இழுத்துப் பிடித்து நேரடியாக முடிய வேண்டாம். எஞ்சின் ஆடும்போது இணைப்பு அறும். எல்லா இணைப்பையும் ஒரே இடத்தில் வைக்காமல் 3, 4 செ.மீ. தள்ளித் தள்ளி வையுங்கள். ஒரே இடத்தில் வைத்தால் கட்டு மலைப்பாம்பு இரை விழுங்கிய மாதிரி புடைக்கும். ஒரு ஸ்லீவ் கிழிந்தாலும் பக்கத்து இணைப்போடு ஷார்ட் ஆகும்.

முறுக்கி டேப் சுத்தினா போதாதா?

போதாது. முறுக்கிய செம்புக்கு நடுவே காற்றும் ஈரமும் போகும், ஆறு மாதத்தில் பச்சை பிடிக்கும், இணைப்பு சுடும். எஞ்சின் சூட்டில் சாதாரண பி.வி.சி. டேப்பின் பசை இளகி வழுக்கி, டேப் தானே அவிழும்.

சரியான முறை இது. முதலில் 5 செ.மீ. ஸ்லீவை ஒயரில் கோத்து எட்டத்தில் தள்ளி வையுங்கள். ஈயம் வைத்து முடித்த பிறகு ஸ்லீவ் ஞாபகம் வந்தால் மறுபடி வெட்டத்தான் வேண்டும். இரு முனையிலும் ஒன்றரை செ.மீ. உறை உரித்து, ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து, ஒவ்வொரு முனையையும் எதிர் ஒயரின்மேல் இறுக்கிச் சுற்றுங்கள். ஈயம் இல்லாமலே இழுத்துப் பாருங்கள், வரக் கூடாது. பேஸ்ட் தொட்டு, அயர்னின் நுனியை ஒயருக்கு அடியில் வையுங்கள். ஈயத்தை அயர்னில் தொடாமல் ஒயரின் மேல்புறத்தில் தொடுங்கள். செம்பு சூடானால் ஈயம் தண்ணீர் மாதிரி உள்ளே இறங்கும், ஆறினால் பளபளப்பாக, இழைகளின் வரி தெரியும்படி இருக்கும். மங்கலான உருண்டையாக மேலே உட்கார்ந்தால் அது ஒட்டவில்லை, மறுபடி செய்யுங்கள். ஆறியதும் ஸ்லீவை இழுத்து, இரு பக்கமும் உறையின்மேல் ஒரு செ.மீ. ஏறும்படி வைத்துச் சுருக்குங்கள்.

ஈயம் இறங்கிய இடம் விறைத்துப்போகும், அதன் விளிம்பில் ஒயர் முறியும். ஆகவே ஈயம் வைத்த இணைப்பை ஆடாத இடத்தில் கட்டி வையுங்கள். அதிர்வு அதிகமுள்ள எஞ்சின் பக்கத்தில் நல்ல டூலில் அழுத்திய கிரிம்ப் இணைப்பே நீடிக்கும். கட்டிங் பிளேயரால் நசுக்குவது கிரிம்ப் ஆகாது.

உறையை உரிச்சா உள்ளே செம்பு கறுப்பா இருக்கு. ஈயமே ஒட்ட மாட்டேங்குது.

ஈரம் உறைக்குள் ஏறியிருக்கிறது. பளிச்சென்ற செம்பு வரும்வரை 2 செ.மீ.யாகப் பின்னால் வெட்டிக்கொண்டே போங்கள். 15 செ.மீ. போயும் கறுப்பாகவே இருந்தால் அடுத்த கப்ளர்வரை அந்த ஒயரையே மாற்றிவிடுங்கள்.

ஹெட்லைட்டுக்கு ரிலே போடுவது எப்படி?

பழைய வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட்டின் முழுக் கரன்ட்டும் டாஷ்போர்டு சுவிட்ச் வழியாகவே போகிறது. சுவிட்ச் சுடுவதும் வெளிச்சம் குறைவதும் அதனால்தான். 12 வோல்ட் 30 ஆம்ப் ரிலே இரண்டு, டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. ரிலேவின் காலில் எண் போட்டிருக்கும். 30-க்கு பேட்டரி பாசிட்டிவிலிருந்து 2.5 ஸ்கொயர் ஒயர், பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் 15 ஆம்ப் ஃபியூஸ். 87-இலிருந்து இரண்டு பல்புக்கும். முன்பு பல்புக்கு வந்த பழைய ஒயர் 86-க்கு. 85 எர்த்துக்கு.

சில ஜப்பானிய வழி வண்டிகளில் சுவிட்ச் எர்த் பக்கத்தில் இருக்கும். ஹோல்டரைக் கழற்றி, லைட் சுவிட்ச் போடாமலே பொது முனையில் 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் மேலே சொன்ன இணைப்பு அப்படியே பொருந்தாது. 86-க்குப் பேட்டரி பாசிட்டிவும், 85-க்குச் சுவிட்சிலிருந்து வரும் ஒயரும் போக வேண்டும்.

ரிலே போட்டதற்காக 100 வாட் பல்புக்குப் போகாதீர்கள். 60/55 வாட் பல்புக்கு முழு வோல்ட்டேஜ் போனாலே தாராபுரம் ரோட்டு இருட்டுக்குப் போதும். 100 வாட்டின் சூடு பிளாஸ்டிக் ஹோல்டரை உருக்கும்.

மூணு நாள் நிறுத்தினா பேட்டரி இறங்கிடுது.

முதலில் எஞ்சினை ஓடவிட்டு பேட்டரி முனையில் அளவெடுங்கள். 13.8 முதல் 14.4 வரை காட்டினால் சார்ஜிங் சரி. அப்புறம் எல்லாவற்றையும் அணைத்து, கதவுகளைச் சாத்தி, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் பேட்டரிக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்ப் துளையில் மாட்டுங்கள். இந்த நிலையில் சாவி போட்டு செல்ஃப் அடிக்கக் கூடாது, மீட்டர் போய்விடும். 0.05 ஆம்புக்குள் இருந்தால் நல்லது. 0.5 ஆம்ப் காட்டினால் ஒரு நாளைக்கு 12 ஆம்ப்-அவர் கசிகிறது. 35 ஆம்ப்-அவர் பேட்டரி மூன்றே நாளில் காலி.

ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவுங்கள். எதை உருவியதும் எண் விழுகிறதோ அந்த லைனில் தேடுங்கள். எந்த ஃபியூஸுக்கும் விழவில்லையென்றால், அதே நிலையில் ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயரைக் கழற்றி, அது எதிலும் படாமல் டேப் சுற்றி வைத்துவிட்டுப் பாருங்கள். அப்போது விழுந்தால் உள்ளே டயோடு போயிருக்கிறது.

அம்பாசடரில் ஒயர் நிறம் மங்கிப் போச்சு. எது எதுன்னு தெரியலை.

அந்த வண்டி மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழியில் வந்ததால் நிற முறையும் பிரிட்டிஷ் லூகாஸ் முறை: பழுப்பு பேட்டரியிலிருந்து நேராக வரும் லைன், வெள்ளை இக்னிஷன் சாவிக்குப் பின், பச்சை ஃபியூஸுக்குப் பின் உள்ள இக்னிஷன் லைன், சிவப்பு பார்க் லைட், நீலம் ஹெட்லைட், கறுப்பு எர்த். முன்பு கை வைத்தவர்கள் கிடைத்த நிறத்தைப் போட்டிருப்பார்கள். மங்கிய இடத்தில் தெரியாவிட்டால் டேப்பை 5 செ.மீ. பிரியுங்கள், வெயில் படாத உள்பக்கத்தில் நிறம் அப்படியே இருக்கும்.

ஓடும்போது டாஷ்போர்டில் புகை வந்தா?

ஓரம் கட்டுங்கள், சாவியை அணையுங்கள், எல்லாரும் இறங்குங்கள். சாவியை அணைத்தாலும் பேட்டரியிலிருந்து நேராக வரும் லைன் உயிரோடுதான் இருக்கும். தீ கண்ணில் படவில்லையென்றால் மட்டும் பேட்டரி எர்த்தைக் கழற்றுங்கள். இதற்காகவே 10 மி.மீ. ஸ்பேனர் ஒன்றை வண்டியில் வையுங்கள். தீ பிடித்துவிட்டால் போனட்டை முழுசாகத் திறக்காமல் விலகிப் போய் 112-ஐ அழையுங்கள்.

எல்லாம் முடிஞ்சு ஹார்னஸைத் திரும்பக் கட்டும்போது என்ன கவனிக்கணும்?

துணி டேப்பைப் பாதிக்குப் பாதி மேலேறும்படி சுற்றி, வரி வரியான கறுப்பு ஃப்ளெக்சிபிள் பைப்பில் போடுங்கள். பைப்பின் பிளவு கீழ்நோக்கி இருக்கட்டும், தண்ணீர் தங்காது. சைலன்சர் மேனிஃபோல்டிலிருந்து குறைந்தது ஒரு ஜாண் தள்ளி, பெட்ரோல் குழாயோடு சேர்க்காமல் தனியாகக் கட்டுங்கள். தகட்டுத் துளை ஒவ்வொன்றிலும் புது ரப்பர் வாசர். 15 வருஷம் முடிந்து எஃப்.சி. காட்டப் போகிறவர்கள், முந்தின நாள் இரவே ஒருவரை வெளியே நிறுத்தி பிரேக் லைட், ரிவர்ஸ் லைட், நாலு இண்டிகேட்டர், நம்பர் பிளேட் விளக்குவரை எரிகிறதா என்று பாருங்கள். எஞ்சின் ஓட, எல்லா லைட்டும் எரிய பத்து நிமிஷம் விட்டு, போட்ட ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தொடுங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. விரல் வைக்க முடியாத சூடு என்றால் அந்த ஓர் இணைப்பை மட்டும் பிரித்துத் திரும்பச் செய்யுங்கள்.